கூப்பிடும் வரைக்கும்: மகளின் இதய ஒப்பரேஷனுக்குக் காத்திருந்த காலம்

இதயச் சத்திரசிகிச்சைக்குப் பிள்ளையின் பெயரைப் பதிந்துவிட்டுத் திரும்பும்போது, எப்போது ஒப்பரேஷன் என்று கேட்டால் "கூப்பிடுவோம்" என்பார்கள். எங்களுக்குக் கொழும்பிலிருந்து அந்த அழைப்பு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது அதே நிலையில் இருக்கிற மூதூர்த் தாய் ஒருவர், அந்தக் காலத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று என்னிடம் கேட்டார். அவருக்குத் தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை, திருகோணமலையில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற ஒரு அம்மா. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது இதுதான்: காத்திருக்கிற மாதங்களும் வைத்தியத்தோடு சேர்ந்தவை. ஒப்பரேஷன் நாளில் பிள்ளை எந்த உடல்நிலையில் போய்ச் சேருகிறாள் என்பதில் பாதி வீட்டில்தான் தீர்மானமாகிறது.

மகளுக்கு இருந்தது ரீ.ஓ.எஃப். (ரெட்ராலஜி ஒஃப் ஃபலோ) என்று டொக்டர்மார் சுருக்கிச் சொல்லும் பிறவிக் குறைபாடு. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே துவாரம், நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியில் ஒடுக்கம், பெருநாடி தன் இடத்தில் இல்லாமல் அந்தத் துவாரத்தின் மேல் வந்து நிற்பது, வலது கீழறைச் சுவர் தடிப்பது என்று நான்கும் சேர்ந்தது. நுரையீரலுக்குப் போய் ஒட்சிசன் எடுக்க வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி அங்கே போகாமலே உடம்புக்குத் திரும்பிவிடும். அதனால்தான் உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. இதை 1888இல் விவரித்த பிரெஞ்சு வைத்தியர் ஃபலோவின் பெயரால்தான் அழைக்கிறார்கள். 1944இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் நீலம் பாய்ந்த குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாக மாற்று இரத்தவழி பொருத்தினார்கள். குறைபாட்டை முழுமையாகச் சரிசெய்யும் ஒப்பரேஷன் 1954இல் மினசோட்டாவில் நடந்தது. இதையெல்லாம் தேடி வாசித்தவர் என் கணவர். "எழுபது வருசமாகப் போகுது இந்த ஒப்பரேஷன் செய்யத் தொடங்கி. நம்மட பிள்ளையில பரீட்சிச்சுப் பார்க்கிற புது விசயம் இல்ல" என்று ஒரு இரவு சொன்னார். அன்றுதான் எனக்குக் கொஞ்சம் நித்திரை வந்தது.

முதலில், பிள்ளை திடீரென்று கடுமையாக நீலம் பாய்ந்துபோகும் நீலப் பிடிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லா இதய நோயிலும் இது வருவதில்லை, ஆனால் ரீ.ஓ.எஃப். பிள்ளை உள்ள வீட்டில் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் காலையில் எழும்பிய கையோடு வரும். கடுமையாக அழுத பிறகு, மலம் கழிக்க முக்கும்போது, உடம்பில் நீர் வற்றும்போதும் வரும். பிள்ளை வேகவேகமாக மூச்சு வாங்குவாள், உதடு கருநீலமாகும், பிறகு சோர்ந்து துவளுவாள். அப்போது செய்ய வேண்டியது, இரண்டு முழங்கால்களையும் மடித்து நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பது. மடியில் வைத்தோ, தோளில் சாய்த்தோ, படுக்க வைத்தோ செய்யலாம். கால்களை அப்படி மடக்கும்போது உடம்புப் பக்கம் இரத்தம் போவது கடினமாகி, கூடுதல் இரத்தம் நுரையீரல் பக்கம் தள்ளப்படுகிறது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் ஓடி விளையாடும்போது தாங்களாகவே நின்று குந்திவிடுவதும் இதனால்தான். என் மகளும் முற்றத்தில் திடீரென்று குந்துவாள். குந்தினால் அவளை எழுப்பக்கூடாது.

இதை வீட்டில் எல்லோருக்கும் பழக்கினோம். மாமி, என் மகன், பக்கத்து வீட்டு அக்கா, எல்லோரும் ஒரு பொம்மையை வைத்துச் செய்து பார்த்தார்கள். அந்த நேரத்தில் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, கூட்டம் கூடிக் கத்தக்கூடாது. ஒருவர் பிள்ளையைப் பிடிக்க, இன்னொருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எங்கள் ஒழுங்கைக்கு வழி சொல்வது கஷ்டம் என்பதால், சந்தியில் உள்ள கடையை அடையாளமாக வைத்துச் சொல்ல வேண்டிய வசனத்தை ஒரு மட்டையில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருந்தோம். மாமி பதறும்போது அதைப் பார்த்து வாசிப்பார்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் ஒட்சிமீற்றர் ஒன்று வாங்கினோம். கொவிட் காலத்துக்குப் பிறகு அது எல்லா இடத்திலும் கிடைத்தது. ஆனால் நாள் முழுக்க விரலில் மாட்டிப் பார்ப்பது வீட்டுக்கு நல்லதில்லை. கை குளிர்ந்திருந்தாலும் பிள்ளை ஆட்டிக்கொண்டிருந்தாலும் பிழையாகக் காட்டும். "இந்த அளவுக்குக் கீழே போனால் வாங்கோ" என்று உங்கள் டொக்டரிடம் ஒரு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மற்றப் பிள்ளைகளின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வேறு.

திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களை இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே பிறந்தால் காலை பத்து மணிக்கே உடம்பு வற்றிப்போகும். இந்தப் பிள்ளைகளின் இரத்தம் ஏற்கெனவே தடிப்பானது. நீர் குறைந்தால் இன்னும் தடிக்கும், கட்டிபடும் ஆபத்தும் கூடும். அதனால் தண்ணீர், இளநீர், கஞ்சி என்று நேரம் பார்த்துக் கொடுத்தோம். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் ஜீவனியை (உப்பும் சீனியும் கலந்த பொடி) கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போவோம். நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. அவளுக்குப் பிடிப்பு வராமல் இருக்கப் புரோப்ரனொலோல் மருந்து இருந்தது. பிள்ளை ஒன்றும் சாப்பிடாத நாளில் அந்த மருந்தோடு இரத்தத்தில் சீனி இறங்கிவிடலாம் என்பதால், அப்படியான நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருந்தோம். அதை நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இரும்புச் சத்து பலர் கவனிக்காத விசயம். மற்றப் பிள்ளைகளுக்குப் போதும் என்கிற ஹீமோகுளோபின் அளவு, நீலம் பாயும் பிள்ளைக்குப் போதாமல் இருக்கலாம். ரிப்போர்ட்டில் "நோர்மல்" என்று பார்த்துவிட்டுச் சும்மா இருக்காமல், "இவளுக்கு இது காணுமா?" என்று கேளுங்கள். நாங்கள் இரும்பு சிரப்பைத் தேசிக்காய்த் தண்ணீரோடு கொடுத்தோம், அதை ஒட்டித் தேத்தண்ணி கொடுக்கவில்லை. முருங்கையிலை, நெத்தலி, ஈரல், கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா எல்லாம் கைகொடுத்தன. மலச்சிக்கல் வராமல் பப்பாசிப்பழம் தினமும். முக்கினால் நீலம் பாயும் என்பதால் இதுவும் மருந்து மாதிரித்தான்.

பல்லையும் மறந்துவிடாதீர்கள். சொத்தைப் பல்லில் இருந்து கிருமி இரத்தத்தில் இறங்கினால் இதயத்தின் உட்சுவரில் போய்த் தங்கலாம். ஒப்பரேஷனுக்கு முன் பல் டொக்டரின் கடிதம் கேட்பார்கள். அழைப்பு வந்த பிறகு பல் பிடுங்க ஓடினால் அந்தத் திகதி போய்விடும். பல்லில் கை வைக்கிற ஒவ்வொரு முறையும் முதலில் இதய நோயைச் சொல்லுங்கள், அதற்கு முன் அன்டிபயோடிக் கொடுக்க வேண்டி வரலாம். காது குத்துவதையும் தள்ளிப்போட்டோம். ஊசி அட்டவணையையும் குடும்பநல உத்தியோகத்தரோடு சேர்ந்து நேராக்கி வைத்தோம்.

இனி 2022. நாடு எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. என் கணவர் ஆட்டோ ஓட்டுபவர். பெற்றோல் வரிசையில் இரவிரவாக நின்றார். ஜூலையில் பெற்றோலைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான். ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கும் உபகரணங்களுக்கும் தட்டுப்பாடு. அவசரமில்லாத ஒப்பரேஷன்கள் நாடு முழுக்கத் தள்ளிப்போயின. எங்கள் மகளைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் வெளிநாடு போய்விட்டார். கிளினிக் நாள் மாறியது, வார்டு இடம் மாறியது, பட்டியலைப் புதிதாக எழுதினார்கள். ஒரு தடவை நாங்கள் போனபோது எங்கள் பெயரைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆனது. அங்கே வேலை செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குறைந்த ஆட்களோடு அவர்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அந்த நேரத்தில் எங்களைக் காப்பாற்றியது ஒரு ஃபைல். டொக்டர்மார் மாறலாம், வார்டு மாறலாம், பிள்ளையின் கதை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எல்லா எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டும் திகதி வரிசையில், டயக்னோசிஸ் கார்ட் (வார்டிலிருந்து விடும்போது தரும் நோய் விவர அட்டை), இரத்தப் பரிசோதனைகள், நிறை, மருந்தின் பெயரும் அளவும், எல்லாவற்றிலும் ஒரு போட்டோ கொப்பி. முன்பக்கத்தில் ஒரே தாளில் சுருக்கம். அந்தத் தாளை எங்கள் ஊர்ப் பிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்டி ஆங்கிலத்தில் எழுதி வாங்கினோம். புதிய டொக்டர் அதை இரண்டு நிமிடத்தில் வாசித்துவிட்டு நேராகப் பிள்ளையைப் பார்த்தார். மூல ரிப்போர்ட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

பட்டியலைப் பற்றி எங்களுக்குப் பிறகுதான் விளங்கிய ஒன்று உண்டு. அது பஸ் வரிசை மாதிரி முதலில் வந்தவருக்கு முதலில் என்று நகர்வதில்லை. பிள்ளையின் நிலை மோசமானால் இடம் முன்னுக்கு வரும். ஆனால் நிலை மோசமானது அங்கே தெரிய வேண்டும். திருகோணமலையில் வந்த பிடிப்பு கொழும்பில் எப்படித் தெரியும்? ஒவ்வொரு பிடிப்பையும் திகதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு கொப்பியில் எழுதினோம். முடிந்தபோது மகன் வீடியோ எடுத்தான். பிடிப்புகள் அடுத்தடுத்து வரத் தொடங்கியதும் எங்கள் ஊர் நிபுணர் அதைப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் அவசரத் தரம் மாறியது.

அதே சமயம் சொந்தக்காரர் ஒருவர், "எம்.பி. ஒருத்தரைத் தெரியும், சொல்லி வைக்கலாம்" என்றார். எங்களுக்கு மனம் வரவில்லை. அப்படி முன்னுக்குப் போனால் வேறு யாருடைய பிள்ளையோ பின்னுக்குப் போகும். உண்மையான நிலையைத் தாளில் காட்டிக் கேட்பது வேறு, ஆள் வைத்துத் தள்ளுவது வேறு. இதில் நான் உறுதியாகத்தான் இருக்கிறேன்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் "இந்தியாவுக்குக் கொண்டு போங்கோ, காணியை வில்லுங்கோ" என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் காணியை விற்பதற்கு முன் இதய நிபுணரிடம் நேராகக் கேளுங்கள்: "இவள் இன்னும் ஆறு மாதம் பொறுப்பாளா, மாட்டாளா?" அந்தப் பதிலை வைத்து முடிவெடுங்கள், பயத்தை வைத்து வேண்டாம். அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷன் இலவசம். வெளியில் வாங்கச் சொல்லும் பொருள்கள், பரிசோதனைகள், போக்குவரத்து, கொழும்பில் தங்குவது, இழந்த நாட்கூலி என்று செலவு வேறு வழியில் வரும். சனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025இல் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், முன்போல் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. கிராம சேவகரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரத்தத்துக்கு ஆள் கொண்டுவர வேண்டுமோ என்று பயப்படத் தேவையில்லை, இலங்கையில் இரத்தம் முழுக்கத் தன்னார்வக் கொடையில்தான் கிடைக்கிறது. ஒன்று மட்டும், பிள்ளையின் படத்தையும் டயக்னோசிஸ் கார்டையும் "ஃபேஸ்புக்கில் போட்டுக் காசு சேர்த்துத் தாறோம்" என்று வருகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் படம் பிறகு யார் கையில் போகும் என்று தெரியாது.

என் மகனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவன் அப்போது புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் பெற்றோல் இல்லாமல் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தது. வீட்டில் யாரைக் கேட்டாலும் "தங்கச்சிய அழ வைக்காத" என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பேச்சு. ஒரு நாள் அவள் நீலம் பாய்ந்து தெளிந்த பிறகு, கிணற்றடியில் என்னிடம் வந்து கேட்டான்:

"அம்மா, நான் பென்சில பறிச்சதாலயா அவளுக்கு இப்படி வந்தது?"

"இல்லடா. அவள் பிறக்கும்போதே இருதயத்துக்குள்ள வழி ஒடுக்கம். நீ பறிக்காட்டியும் வரும். நீதானே காலை மடிச்சுப் பிடிச்சாய்?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றிரவு அவளோடு பழையபடி சண்டை பிடித்தான். எனக்கு அது பெரிய நிம்மதி. நோயாளிப் பிள்ளை அழக்கூடாது என்று கேட்டதையெல்லாம் கொடுத்து வளர்த்தால், மற்றப் பிள்ளைக்கு அந்த வீடு நரகமாகிவிடும். எங்கள் இதய டொக்டரும் அதையேதான் சொன்னார்: சின்ன அழுகைக்குப் பயப்படாமல் சாதாரணமாக வளருங்கள், நீண்டு போகும் அழுகையை மட்டும் நேரத்தோடு ஆற்றுங்கள். அழைப்பு வந்தால் மகன் யார் வீட்டில் தங்குவான், யார் ரியூஷனுக்குக் கூட்டிப் போவார், இரவில் எத்தனை மணிக்கு நாங்கள் போன் எடுப்போம் என்று எல்லாவற்றையும் அவனோடு இருந்து பேசி முடிவு செய்தோம். அன்புவழிபுரத்தில் இருக்கும் மச்சாள் வீட்டில் அவனுக்கும் ஒரு பை தயாராக இருந்தது.

கணவன் மனைவிக்குள்ளும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். மருந்தும் சாப்பாடும் என் பொறுப்பு. ஃபைல், காசு, கொழும்புக்கு அழைத்துக் கேட்பது அவருடைய பொறுப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் கிளினிக்குக்கு அழைப்போம் என்று வைத்துக்கொண்டோம். அதனால் மற்ற நாட்களில் போனைப் பார்த்துப் பார்த்து ஏங்குவது குறைந்தது. மாமி பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். திருவிழாக் கூட்டத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோவதில்லை, நேர்த்தியை ஒப்பரேஷனுக்குப் பிறகு முடிப்போம் என்று அவரே ஒத்துக்கொண்டார். காரணம் சளி. சளியோ காய்ச்சலோ இருந்தால் மயக்க மருந்தும் இதய நுரையீரல் இயந்திரமும் சுவாசப்பையைப் பாதிக்கும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அழைப்பு வரும் என்று தெரிந்த கிழமைகளில் கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் ஒருவர் மட்டும் போனோம். மகன் பள்ளியால் வந்ததும் கை கால் கழுவி உடுப்பு மாற்றிய பிறகுதான் அவளிடம் போவான்.

பயணத்துக்கு இரவு ரயில்தான் எங்களுக்குச் சரிவந்தது. குளிரூட்டிய பஸ்ஸில் அவள் கை கால் விறைத்துப்போகும். மருந்து, தண்ணீர், ஃபைல் மூன்றும் எப்போதும் கைப்பையில், மேலே ஏற்றும் பெட்டியில் இல்லை. பரிசோதனைக்கு முதல் நாளே போய்விடுங்கள், விடியப் போய் இறங்கிய களைப்போடு எக்கோவுக்குப் படுத்தால் பிள்ளை அழுது தீர்ப்பாள். அங்கே பெரும்பாலும் அம்மாவைத்தான் வார்டில் நிற்க விடுவார்கள், அப்பாவுக்குத் தங்க இடம் பார்த்து வைக்க வேண்டும். சிங்களம் தெரியாத எங்களுக்கு, கொட்டாஞ்சேனையில் இருந்த தூரத்துத் தம்பி ஒருவன் போனிலேயே மொழிபெயர்த்தான். சம்மதப் படிவத்தை விளங்காமல் கையொப்பமிடாதீர்கள். "மிஸ், தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் விளங்கப்படுத்த ஏலுமா?" என்று கேட்டால் யாராவது வருவார்கள். எங்களுக்கு ஒரு தாதி தன் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

முதல் தடவை வார்டில் சேர்த்து, பட்டினி போட்டு, உடுப்பு மாற்றிய பிறகு ஒப்பரேஷன் நிறுத்தப்பட்டது. இரவில் அவசரமாக வந்த பிறந்த குழந்தைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டில் போய்விட்டது. அழுகை வந்தது, ஆனால் அந்தக் குழந்தையின் அம்மாவையும் நடைபாதையில் பார்த்தேன். இப்படி நடந்தால் முதலில் கேட்க வேண்டியது, "இப்ப குடிக்கக் கொடுக்கலாமா?" நீலம் பாயும் பிள்ளை நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது, பட்டினி நீண்டால் சேலைன் ஏற்ற வேண்டி வரும். அடுத்தது, வார்டில் நிற்பதா வீட்டுக்குப் போவதா, எடுத்த இரத்தப் பரிசோதனை எவ்வளவு காலத்துக்குச் செல்லும், அடுத்த திகதியை யாரிடம் கேட்பது. பதில் சொன்னவரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு எப்போது சொல்வது என்று பலர் கேட்பார்கள். மூன்று வயதுக்கு மாதக்கணக்கில் முன்னால் சொல்லிப் பயன் இல்லை. இரண்டாம் தடவை போனபோது முதல் நாள்தான் சொன்னோம்: நெஞ்சில ஒரு பிளாஸ்டர் இருக்கும், கண் முழிக்கும்போது கட்டில் வேற இடத்தில இருக்கும், அம்மா வருவன். பொம்மையின் நெஞ்சிலும் பிளாஸ்டர் ஒட்டினோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு அவளைப் பார்க்கும்போது என்னென்ன இருக்கும் என்று தாதியிடம் முன்பே கேட்டு வைத்திருந்ததால் என் கால் தளரவில்லை. அந்த முறை ஒப்பரேஷன் நடந்தது. நெஞ்செலும்பு ஒட்டும் வரை, கிழமைக்கணக்கில், அக்குளில் பிடித்துத் தூக்காமல் ஒரு கையை முதுகிலும் மறு கையைப் பின்பக்கத்திலும் கொடுத்துத்தான் தூக்கினோம்.

இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு ஒன்று படிக்கிறாள். நகமெல்லாம் இளஞ்சிவப்பு. வருடா வருடம் எக்கோ எடுக்கப் போகிறோம். ஒடுக்கத்தை விரித்த இடத்தில் உள்ள வால்வு காலப்போக்கில் கசியலாம், பெரியவளானதும் அதை மாற்ற வேண்டியும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒப்பரேஷன் முடிந்த மகிழ்ச்சியில் வெறும் டயக்னோசிஸ் கார்டோடு வந்துவிடாதீர்கள். என்ன செய்தார்கள், எந்த வால்வைத் தொட்டார்கள், எந்த அளவில் ஒட்டு வைத்தார்கள் என்று எழுதிய ஒப்பரேஷன் குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பதினைந்து வருடம் கழித்து வேறொரு ஊரில், வேறொரு டொக்டர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.